கேரவன் ஒழுகியது உனக்குத் தெரியும்

அருள்,

'கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு' என்று தொடங்குவதுதான் நம் வீட்டுக் கடிதங்களின் வழக்கம். இன்றைக்கு அந்த வார்த்தை கையில் வர மறுக்கிறது. அதனால் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் "வேலையா இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் வேகத்தை இரண்டு மடங்காக வைத்துக் கேட்பாய். என் கோபம் உனக்குக் கோழி கொக்கரிப்பதுபோல் கேட்கும். எழுத்தை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும். உறையையும் ஒட்டாமல்தான் வைக்கிறேன். உன் பெண்டாட்டி மெர்சி படிக்கட்டும், உன் டிரைவர் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். குடும்ப மானம் போய்விடுமே என்று நீ பதறலாம். அது போய் மூன்று வாரம் ஆகிறது. எனக்குத்தான் நேற்று தெரிந்தது.

வியாழக்கிழமை, நீ ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுகிற கேரவன் நம் ஐயம்பேட்டை ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே உன் செய்தியும் வந்தது. 'அம்மா, ரூஃப்ல லேசா லீக். சிலிக்கான் போட்டு விட்டுடு. மண்டே பட்டுக்கடை ஷூட்டிங் இருக்குது.' முப்பது வருஷம் உன் அப்பாவோடு சேர்ந்து பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டியவள் நான். அவர் தகரம் வெட்டுவார், ரிவெட் அடிப்பார். கண்ணாடிக்கு ரப்பர் பீடிங் போடுவது, சீட்டுக்கு ரெக்சின் தைப்பது, தண்ணீர் இறங்காமல் அடைப்பது என் பங்கு. அவர் போன பிறகும் அந்தக் கைவேலையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என்னிடம் வந்து 'லேசா லீக்' என்கிறாய். உள்ளே ஒரு சொட்டு தெரிந்தால் மேலே சட்டத்துக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். இதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஏணி வைத்து மேலே ஏறினேன். அறுபத்தொரு வயசில் ஏறினேன், அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஏ.சி. பெட்டியைச் சுற்றி நீயே வாங்கிப் பிதுக்கிய சிலிக்கான் பசை, அதன் மேல் இன்னொரு சிலிக்கான், அதற்கும் மேல் ஒன்று, திருவிழாக் கடை அல்வா மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. பழைய சிலிக்கான் மேல் புதுசு பிடிக்காது. பார்க்கப் பிடித்ததுபோல் இருக்கும், நகத்தால் நெம்பினால் பாய் மாதிரி சுருண்டு வரும். அடியில் போன மழைத் தண்ணீர் அப்படியே இருந்தது, பாசி வாடையோடு. வெளியே போகவிடாமல் நீயே அணை கட்டியிருக்கிறாய். மொத்தத்தையும் சுரண்டி எடுக்க எனக்கு வெள்ளிக்கிழமை காலை முழுவதும் ஆனது.

அதற்குப் பிறகு ஓட்டையைத் தேடினேன். ஒழுகுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் வேறு. தண்ணீர் நேராக விழாது; தகரத்துக்கு அடியில் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போய், எங்கே தாழ்வாக இருக்கிறதோ அங்கே இறங்கும். அதனால்தான் குழாயை எடுத்து எடுத்த எடுப்பில் கூரை முழுக்கப் பீய்ச்சக் கூடாது. கீழிருந்து மேலே, ஒவ்வொரு சாண் இடமாகக் காட்ட வேண்டும். முதலில் ஜன்னல் ரப்பர், அப்புறம் கூரை விளிம்பு, அப்புறம் நடுக்கூரை. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிஷமாவது தண்ணீர் ஓட வேண்டும். ஒருவர் வெளியே, ஒருவர் டார்ச்சோடு உள்ளே. உன் டிரைவர் குழாயைப் பிடித்தான், நான் உள்ளே மல்லாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒன்றுமில்லை. விளிம்பில் ஒன்றுமில்லை. கூரையின் முன்பக்கத்துக்குப் போனபோது, குழாய் பிடித்த இடத்திலிருந்து நாலடி தள்ளி, புடவை மாட்டுகிற கம்பிக்கு நேர் மேலே, கூரையை உள்ளே மூடியிருக்கிற மேற்பலகையின் இணைப்பில் ஒரு சொட்டு திரண்டது. துருத் தண்ணீர், டீ நிறம். சொட்டி, கம்பிக்குக் கீழே விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கம்பிக்குக் கீழே இருக்கிற பெட்டியைத் திறந்தால், உள்ளே சுருட்டித் திணித்த உன் துண்டு. நீ ஜிம்முக்குக் கொண்டுபோகிற நீலத் துண்டுதான். அதில் அதே டீ நிறக் கறை, காய்ந்து முறுகலாக இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தாமல் ஏரிக்கரையில் பட்டுக்கடைக்காரர் ஷூட்டிங், நடுவில் ஒரு மழை, கேரவனுக்குள் புடவைகள் தொங்குகின்றன. முகூர்த்தப் புடவை ஒன்று, சந்தன நிற உடலும் அரக்குப் பார்டரும் கோர்வை போட்டுச் சேர்த்தது, அதன் முந்தானையில் கறை. "அந்த ஷமீமா பண்ண வேலைம்மா. ஸ்டீம் அயர்ன் கக்கிடுச்சு. முதலாளி இனிமே அவ வேணாம்னுட்டாரு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி ரசம் கேட்டாய். நானும் ஊற்றினேன். "பாத்துப் பண்ணக் கூடாதா அந்தப் பொண்ணு" என்று வேறு சொன்னேன். மாடல் பெண்களுக்குப் புடவை மடிப்பு வைத்துக் கட்டிவிடுகிற அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். மெர்சிக்குக் கல்யாணப் புடவை கட்டிவிட்டவள் அவள்தான். கைக்கு அடங்காத கனத்த பட்டையும் அழகாக மடித்து நிறுத்துகிறவள். அவளைப்பற்றித்தான், கேட்டதும் நம்பி, வாய் கூசாமல் ஒரு சொல் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரு, உன்னை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துகொள்கிறவள் இல்லை நான். மறுபடியும் மேலே ஏறி ஓட்டையைக் கண்டுபிடித்தேன். முன்பக்கக் கூரையில், சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு ட்ரில் ஓட்டை. சுற்றிலும் துரு. விளிம்பில் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன கிறிஸ்துமஸுக்கு 'வண்டி வாங்கி முதல் கிறிஸ்துமஸ், ஊரே பார்க்கட்டும்' என்று உன் கேரவன் கூரையில் ஸ்டார் கட்டக் கொக்கி அடித்தது நான்தான். பொங்கல் முடிந்து ஸ்டாரையும் கொக்கியையும் கழற்றியபோது அந்த ஓட்டையில் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைத்தவளும் நான்தான். ஷெட்டுப் பழக்கம். டீசல் டேங்கில் ஊசி ஓட்டை விழுந்தால், வெல்டிங் வைக்கிற வரைக்கும் சோப்பைத் தேய்த்து நிறுத்துவோம். டீசலில் சோப்பு கரையாது, நாள்கணக்கில் பிடித்து நிற்கும். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போயிற்று. மழையில் சோப்பு கரையும் என்பது துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும், முப்பது வருஷம் தண்ணீர் அடைத்தவளுக்குத் தெரியவில்லை! அப்புறம் ஒழுங்காக அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்தும் போனேன். வெயில் காலம் முழுக்கத் தாங்கி, ஐப்பசி மழையில் கரைந்து, அந்தப் புடவையில் இறங்கியிருக்கிறது.

ஓட்டை என்னுடையது. அதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ஓட்டை போட்டதும் பொய் சொன்னதும் ஒன்றல்லடா. நான் மறந்தேன். நீ பார்த்தாய், துண்டால் துடைத்தாய், துண்டை ஒளித்தாய், பிறகு ஒரு பெண்ணைக் கைகாட்டினாய். இதை எங்கே கற்றாய் என்று நேற்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். பதில் கிடைத்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தத் திருப்புட்குழிக்காரர் வேன் கதையை எத்தனை தடவை உனக்குச் சொல்லியிருப்பேன்? முன் கண்ணாடி ரப்பரை நான் உள்பக்கம் வெளியாக மாற்றிப் போட்டுவிட்டேன். புது வண்டி, முதல் மழை, கல்யாணத்துக்குப் போனவர்கள் மடியில் தண்ணீர். அந்த மனுஷன் ஷெட் வாசலில் நின்று உன் அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். உன் அப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான்தான் சார் போட்டேன், தப்பு நடந்துபோச்சு" என்றார். நான் ரெக்சின் மெஷினில் உட்கார்ந்துகொண்டு தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன். இதை நான் உனக்குச் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். "உங்கப்பா நல்லா வாங்கிக் கட்டிக்கினாரு" என்று கைதட்டிச் சிரிப்பேன், நீயும் சிரிப்பாய். அன்றைக்கு என் வாயில் "நான்தான்" என்று ஒரு வார்த்தை வராமல் போனதையும், அவர் சாகும்வரை அதற்கு நான் மன்னிப்புக் கேட்காததையும் உனக்குச் சொன்னதே இல்லை. சொல்லாத பாதியைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்டு வளர்ந்தது, தப்பு ஒருத்தர் செய்தால் திட்டு இன்னொருத்தர் வாங்குவார், பிறகு எல்லாரும் சிரிக்கலாம் என்கிற பாதியை. உன் அப்பா தானாக முன்னால் வந்து நின்றார். ஷமீமாவை நீ பிடித்துத் தள்ளி நிறுத்தினாய். இந்த வித்தியாசம் தெரியாத வயசா உனக்கு?

வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் அல்வா கிண்டுவாய். ஓட்டையைச் சுற்றி இருந்த துருவை வெள்ளைத் தகரம் தெரிகிற வரை தேய்த்தேன், தின்னரால் துடைத்தேன், துரு பிடிக்காத பெயின்ட் அடித்துக் காயவிட்டேன். மேலே ஒரு தகரத் துண்டு, அடியில் பிசின் போல ஒட்டும் கறுப்பு டேப், நாலு ரிவெட், ஒவ்வொரு ரிவெட்டையும் சீலன்ட்டில் முக்கித்தான் அடித்தேன். கூரையில் எந்த ஸ்க்ரூ போட்டாலும் அப்படி முக்கிப் போடு. வெறும் ஸ்க்ரூ நீயே வைக்கிற ஓட்டை. ஏ.சி. பெட்டியின் அடி ரப்பர் தட்டையாகிச் செத்துப்போயிருந்தது, மாற்றிவிட்டேன். அதன் தண்ணீர் வடிகிற ட்யூபில் ஏதோ பூச்சி மண் கூடு கட்டியிருந்தது. மாசத்துக்கு ஒருமுறை கம்பி விட்டுக் குத்து. மேற்பலகையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால், ஊறின இடம் பிஸ்கட் மாதிரி அமுங்கும். அப்படி அமுங்கியதில் இரண்டு சாண் வெட்டி எடுத்துப் புதுசு வைத்தேன். ஊறின பலகையைக் காயாமல் மூடிப் பெயின்ட் அடிக்கிற புத்தி மட்டும் உனக்கு வரவே கூடாது. வாடை வரும், பூஞ்சை வரும், கீழே இன்வெர்ட்டர் ஒயர் ஓடுகிறது, ஒருநாள் யாராவது ஈரக் கையால் சுவரைத் தொட்டு விழுவார்கள். அது கறையோடு போகாது. உனக்கு அது உறைக்கிறதா?

மழையே இல்லாத நாளில் தரை ஈரமாக இருந்தால் கூரைமேல் ஏறாதே, அது குழாய் ஒழுகல். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மோட்டாரைப் போட்டு வை. தண்ணீர் திறக்காமலே அது அவ்வப்போது தானாக உறுமினால் எங்கேயோ கசிகிறது. பேசின் அடியில் இருக்கிற கிளிப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பிலும் காய்ந்த காகிதத்தைச் சுற்றிப் பார். மேடுபள்ளத்தில் ஓடுகிற வண்டி, வீட்டுக் குழாய் மாதிரி இல்லை, உலுக்கி உலுக்கிக் கிளிப் தளரும். வண்டியை நிறுத்தும்போது ஒரு பக்கம் லேசாகச் சரிந்து நிற்கட்டும், கூரையில் தண்ணீர் குளம் கட்டாது. ஆடி பிறக்கும் முன்னால் ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை கூரையை விரலால் தடவிப் பார்க்க அரை நாள் போதும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற பிழைப்பு உனக்கு எதற்கு?

இன்று காலை ஷமீமா வீட்டுக்குப் போனேன். ஷேர் ஆட்டோ பிடித்து, இறங்கி, அந்தத் தெருவில் நாலு பேரைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாளாம். காந்தி ரோடு பட்டுக்கடைகளில் ஒரு வாய் சொன்னால் ஒன்பது வாய்க்குப் போய்விடுமே, யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஷமீமா, அன்னைக்கு உன் அயர்ன்ல இருந்து தண்ணி வரலம்மா. எங்க வண்டி மேல இருந்து வந்துது. ஓட்டை போட்டது நான்தான்" என்றேன்.

"தெரியும் ஆன்ட்டி, மேல இருந்து வந்துதுன்னு" என்றாள்.

"தெரிஞ்சா சொல்ல வேணாமாம்மா?"

"சொன்னேன் ஆன்ட்டி. மேல பாருங்க சார், ஒழுகுதுன்னு கையைக் காட்டிச் சொன்னேன். முதலாளி மேல பாக்கல, அருள் அண்ணாவைத்தான் பார்த்தாரு. அண்ணா சொன்னாரு, 'எங்கம்மா கையால பாத்துப் பாத்து அடைச்ச வண்டி சார், ஒரு சொட்டு இறங்காது'ன்னு. அதுக்கப்புறம் நான் என்னா பேசறது? இல்லைன்னு சொன்னா உங்களைச் சொன்ன மாதிரி ஆகுது. உங்களை எனக்குத் தெரியும் இல்ல."

அருள், உன் பொய்யை அடைக்க உனக்கு என் கைதான் கிடைத்ததா? முப்பது வருஷம் ரப்பரிலும் பசையிலும் வெந்து, விரல் நுனியில் ரேகை தேய்ந்துபோன இந்தக் கையைக் காட்டியா ஒரு பெண்ணின் வாயை அடைத்தாய்? அவள் எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறாள். நான் அதே வாரத்தில் சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்து அவளைக் குறை சொல்லியிருக்கிறேன். அவள் முன்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கக்கேடு.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். முதலாளியிடம் சோப்பு முதல் துண்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணு அழுதுதுன்னு வந்துட்டீங்களா? நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆனா வண்டி உங்க பையனுது, அன்னைக்கு உள்ள நின்னது உங்க பையன். ஒழுகலைன்னு அவனே சொல்லிட்டான். அவன் வந்து வேற மாதிரி சொன்னா நான் கேட்டுக்கறேன்" என்றார்.

நான் உண்மையைச் சொன்னேன், அது இரக்கம் என்று போயிற்று. நீ பொய் சொன்னாய், அது சாட்சி என்று நிற்கிறது. உன் வாயால் கெட்டது உன் வாயால்தான் திரும்பும், வேறு வழியில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். என் கைக்கு அடங்குகிற வேலையாக இருந்தால் இதையும் நானே முடித்துவிட்டு உன்னை இரண்டு அறை அறைந்து விட்டிருப்பேன்.

நாளை நீ வண்டியை எடுக்க வருவாய். கூரை இப்போது ஒழுகாது, ஒரு மணி நேரம் குழாயைப் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் புடவைக் கம்பிக்கு மேலே இருக்கிற மேற்பலகையை மட்டும் நான் மூடவில்லை. ஓட்டையிலிருந்து கம்பி வரைக்கும் தண்ணீர் வந்த துருத் தடம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது, துடைக்கவில்லை. பலகை வண்டிக்குள் இருக்கிற கட்டிலில் கிடக்கிறது, ஸ்க்ரூ எல்லாம் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில். நீயே தனியாக மாட்டிக்கொள்ளலாம், கால் மணி நேர வேலை. மாட்டிவிட்டால் திங்கட்கிழமை யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தத் தடத்தைப் பார்த்த ஒரே ஆள் உன் அம்மா, அவள் பேச்சை இந்த ஊரில் யாரும் நம்பவில்லை. உனக்கு எல்லாம் வசதியாகத்தான் அமைந்திருக்கிறது.

அல்லது, பலகையை மாட்டாமலே வண்டியைக் கடை வாசலுக்கு ஓட்டு. ஷமீமாவை வீட்டுக்குப் போய் நீயே அழைத்து வா. மூன்று வாரத்துக்கு முன்னால் யார் யார் நின்றார்களோ அவர்களை உள்ளே ஏற்று. அன்றைக்கு அவள் சொன்னதை இன்றைக்கு நீ சொல்: "மேல பாருங்க சார்." நான் வாசலில் நிற்பேன். அவர்கள் பார்த்து இறங்கின பிறகு பலகையை நான் தூக்கிப் பிடிக்கிறேன், நீ முடுக்கு.

அம்மா